எதை செட்டில் செய்தீர்கள்?

மலேசியத் தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ஒன்றே ஒன்றை நாடு கடத்தும் அதிகாரம் எனக்குக் கிடைத்தால், ‘செட்டில்’ என்ற சொல்லைத்தான் கப்பலேற்றுவேன். தனித்தமிழ் ஆர்வலர்கள் அவசரப்பட்டுக் கைதட்டிவிட வேண்டாம். நான் அவர்கள் கட்சி இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்துவிட்டு கட்டுமானத் துறையில் வேலை செய்கிறவன். பகலெல்லாம் கான்கிரீட், பைலிங், லோரி, கொந்தரெக்டர் என்று பேசிவிட்டு, இரவில் கணினி முன்னால் உட்கார்ந்து ‘கற்காரை’ என்று எழுதுகிற பாசாங்கு எனக்கு வராது.

நம்மிடம் இல்லாத பொருளுக்குப் பெயராக ஒரு சொல் வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ‘செட்டில்’ அப்படி வரவில்லை. ஏற்கெனவே நம்மிடம் இருந்த பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்களை வெளியே தள்ளிவிட்டு, அத்தனை பேரின் நாற்காலியிலும் தனியாளாக உட்கார்ந்திருக்கிறது. வெளியே போன சொற்களோடு சேர்ந்து, அவை எழுப்பிய கேள்விகளும் போய்விட்டன. என் புகார் அதுதான்.

நம்மைச் சுற்றி ஒரு வாரத்தில் காதில் விழக்கூடியவற்றை மட்டும் பார்ப்போம்.

‘கார் கடன செட்டல் பண்ணிட்டேன்.’
‘ரோட் பிளாக்ல மாட்டிக்கிட்டேன், அங்கயே செட்டல் பண்ணிட்டு வந்துட்டேன்.’
‘அவன் பெர்த்ல செட்டலாயிட்டான்.’
‘மூத்தவள செட்டல் பண்ணியாச்சி, இனி சின்னவதான்.’
‘ரெண்டு குடும்பமும் ஒக்காந்து பேசி செட்டல் பண்ணிக்கிட்டாங்க.’
‘பில்லு நான் செட்டல் பண்றேன் லா, நீ போ.’
‘அவன நான் செட்டல் பண்றேன் பாரு.’

எழுத்தில் ‘செட்டில்’, வாயில் ‘செட்டல்’. முதல் வாக்கியம் ஒரு கடமை நிறைவேறியதைச் சொல்கிறது. இரண்டாவது லஞ்சம். மூன்றாவது புலம்பெயர்வு. நான்காவது கல்யாணம். ஐந்தாவது, பெரும்பாலும், யாரோ ஒருவரின் வாய் அடைக்கப்பட்ட செய்தி. ஆறாவது நட்பு. ஏழாவது மிரட்டல். ஏழையும் ஒரே சொல்லால், ஒரே குரலில், நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009, அதற்கு 20 ஆண்டு வரை சிறை என்கிறது. அபராதம், லஞ்சத் தொகையைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. வாங்கியவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும். 20 ஆண்டுச் சிறைக்குரிய ஒரு செயலும், தே தாரேக் பில்லுக்குக் காசு கொடுப்பதும் நம் வாயில் ஒரே சொல்.

இது தமிழர் மட்டும் செய்த வேலை இல்லைதான். மலாய்க்காரர்கள் ‘செத்தெல்’ என்கிறார்கள். பெட்ரோனாஸ் நிறுவனத்தின் கட்டணச் செயலிக்குப் பெயரே அதுதான். கேண்டனீஸ் மொழி கொடுத்த ‘கௌதிம்’ மூன்று இனத்தார் வாயிலும் புழங்குகிறது. சிங்கப்பூரில் குண்டர் கும்பல்கள் பகையைப் பேசி முடிக்கக் கூடும் கூட்டத்துக்கு ‘செட்டில்மென்ட் டாக்’ என்று பெயர். ஆனாலும் எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக என் வீட்டுக் கூரை ஒழுகுவதை நான் பார்க்காமல் இருக்க முடியாது. நான் எழுதுவது தமிழில். அதனால் தமிழைப் பற்றித்தான் பேசுவேன்.

வாலறுந்த சொல்

ஆங்கிலத்தில் ‘செட்டில்’ என்ற பெயர்ச்சொல், உயரமான முதுகுச் சாய்வு கொண்ட மரப் பெஞ்சைக் குறிக்கும். பழைய ஆங்கிலத்தில் இருக்கை என்பதுதான் அதன் வேர். அதோடு, சமரசம் செய்தல் என்ற பொருளில் ஒலியால் நெருங்கிய இன்னொரு பழைய சொல்லும் இருந்தது. காலப்போக்கில் அதன் பொருளும் இதற்குள் வந்து கலந்துவிட்டது. ஆக, உட்காருவதும் சமாதானம் ஆவதும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

ஆனால் ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லைத் தனியாகத் தெருவில் அலையவிடுவது குறைவு. பின்னால் ஒரு வால் கட்டி அனுப்புவார்கள். அலைச்சலை விட்டு ஓரிடத்தில் அடங்கினால் ‘செட்டில் டவுன்’. புது வீட்டுக்குப் பழகினால் ‘செட்டில் இன்’. பாக்கியைக் கொடுத்தால் ‘செட்டில் அப்’. பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் ‘செட்டில் ஆன்’. ஆசைப்பட்டது கிடைக்காமல் குறைவானதற்கு ஒப்புக்கொண்டால் ‘செட்டில் ஃபார்’. அந்தச் சின்ன வால்தான் நடந்தது என்ன என்று காட்டிக்கொடுக்கும்.

நாம் தலையை மட்டும் வாங்கிக்கொண்டு வாலை நறுக்கிவிட்டோம். நம்மிடம் இருப்பது இரண்டே வால்கள்: ‘பண்ணு’, ‘ஆகு’. அதனால்தான் ‘அவன் செட்டலாயிட்டான்’ என்று ஒருவர் சொன்னால், அவன் விரும்பிய இடத்தில் அமர்ந்துவிட்டானா, கிடைத்த இடத்தில் ஒடுங்கிவிட்டானா என்று நமக்குத் தெரிவதில்லை. என் வயதுக்காரர்களில் பலர் முதலாவது என்று வெளியே சொல்லிக்கொண்டு இரண்டாவதைத்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 35 வருட வீட்டுக்கடனில் கையெழுத்துப் போட்ட அன்று ‘செட்டலாயிட்ட போ’ என்று வாழ்த்துகிறார்கள். கடன் தொடங்கும் நாளுக்கு, கடன் முடிவதைக் குறிக்கும் சொல்லால் வாழ்த்து!

தமிழில் என்ன இருந்தது? கடனை அடைப்போம். கணக்கைத் தீர்ப்போம். வழக்கைப் பைசல் செய்வோம் (அரபியிலிருந்து வந்த இரவல்தான், ஆனாலும் தன் வேலையை மட்டும் பார்த்தது). ஊரில் குடியேறுவோம், காலூன்றுவோம், நாளானால் வேர்விடுவோம். சண்டை போட்டவர்கள் ராசியாவார்கள். வண்டல் படியும். பேரம் பேசினால் விலை படியும். மண் இறங்கும். அதிகாரியைச் சரிக்கட்டுவோம். எதிரியைத் தீர்த்துக்கட்டுவார்கள். இவற்றில் ‘சரிக்கட்டுதல்’ என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டவுடன் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மூக்கில் ஏறும். ‘செட்டில் பண்ணினேன்’ என்றால் ஏதோ ரசீதோடு ஆபீஸ் வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்கு வாடை இருந்தது. இரவல் சொல்லுக்கு அத்தர் பூசியிருக்கிறோம்.

யார் உட்கார்ந்தார்கள்?

அத்தரை முதலில் பூசியது நாம் இல்லை. 1826-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் ஒரே நிர்வாகமாக்கியபோது வைத்த பெயர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்’. நம் பாடநூல் மொழியில் நீரிணைக் குடியேற்றங்கள். 1867 ஏப்ரல் 1-இல் அது நேரடியாக முடியாட்சிக் காலனி ஆனது, 1946-இல் கலைக்கப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகள் ‘குடியேற்றம்’ என்றே பெயர். அங்கே குடியேறியவர் யார்? சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1850-களின் பிற்பகுதியில் கட்டியெழுப்பிய இந்தியர்களுக்கு ‘கைதி’ என்று பெயர். பிறகு காடழித்து, தண்டவாளம் போட்டு, ரப்பர் நட்டவர்களுக்குக் ‘கூலி’ என்று பெயர். நிலத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தவன் ‘செட்லர்’. நிலத்தைத் திருத்திக் கொடுத்தவன் வந்தேறி. இருவரும் கப்பலில்தான் வந்தார்கள்.

அதே சொல் வேறு இடங்களிலும் வேலை பார்த்தது. 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு ஒரு ‘செட்டில்மென்ட்’. அங்கே இருந்தவர்கள் உறவுகளிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் சில சமூகங்களை அடைத்துவைத்த முகாம்களும் ‘செட்டில்மென்ட்’தான். 1950-இல் பிரிக்ஸ் திட்டத்தில் காட்டோரத்து மக்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் கொண்டுபோய்ப் புதுக்கிராமங்களில் வைத்ததற்குப் பெயர் ‘ரீசெட்டில்மென்ட்’. ஒருவன் தானே உட்கார்ந்தாலும் செட்டில்மென்ட், இன்னொருவன் உட்காரவைக்கப்பட்டாலும் செட்டில்மென்ட்.

1956-இல் ஃபெல்டா வந்தது. நிலமற்ற கிராமத்தவர்களுக்கு, பெரும்பாலும் மலாய்க்காரர்களுக்கு, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலமும் வீட்டுமனையும். மலாயில் ‘பெனெரோக்கா’, ஆங்கிலத்தில் ‘செட்லர்’. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஏழைக்கு நிலம் கிடைப்பது நல்ல காரியம். நான் சுட்டுவது இதை மட்டும்: அங்கேயும் ரப்பர், இங்கேயும் ரப்பர். அவர் செட்லர். லயத்தில் இருந்தவர் லேபர்.

அந்த லேபருக்கும் கடைசியில் ஒரு ‘செட்டில்மென்ட்’ வந்தது. தோட்டம் கைமாறி, செம்பனையாகி, வீட்டுமனையாகி, ஆட்கள் வேண்டாம் என்றானபோது. எங்கள் பாட்டி இன்றும் ‘செட்டல்மென்டு குடுத்து அனுப்புனாங்க’ என்றுதான் சொல்லும். ஏதோ பரிசு மாதிரி. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க உதவித்தொகை விதிமுறைகள், ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் ஊதியம் என்கின்றன. 30 வருடம் பால் மரம் சீவியவருக்கு 600 நாள் கூலி. இரண்டு வருடம்கூட முழுசாக வராது. வேலையோடு வீடும் போயிற்று, ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. மூன்று தலைமுறையை அந்தத் தொகைக்குள் அடக்க ‘கணக்குத் தீர்த்தார்கள்’ என்று சொல்லியிருந்தால், ‘எந்தக் கணக்கு? யார் போட்டது?’ என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். ‘செட்டல்’ என்றதும் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள்.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சந்தா காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அதன் குறை நிறைகளைப் பற்றித் தனியாக எழுதலாம். ஆனால் அந்த யோசனையின் அடியில் ஒரு தெளிவு இருந்தது: உட்கார வேண்டுமென்றால் முதலில் தரை நமதாக இருக்கணும்.

மண் சொல்லும் பொருள்

என் துறையில் ‘செட்டில்மென்ட்’ என்றால் ஒரே பொருள்தான். கீழே இறங்குதல். ஒரு கட்டடம் ‘செட்டில்’ ஆகிறது என்றால் என் மேலதிகாரிக்குத் தூக்கம் போய்விடும்.

களிமண்ணில் இது எப்படி நடக்கிறது என்பதை 1925-இல் கார்ல் டெர்சாகி விளக்கினார். மண் இயக்கவியலின் தந்தை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர். நீர் நிறைந்த களிமண்ணின் மேல் பாரத்தை வைத்தால், முதல் நாள் ஒன்றுமே தெரியாது. பாரத்தைத் தாங்குவது மண் இல்லை, மண்துகள்களுக்கு இடையில் சிக்கியிருக்கும் தண்ணீர். அது மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, பாரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணின் தலையில் ஏறும். மண் அமுங்கும். மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில். கடலில் மண் கொட்டி உருவாக்கிய ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் 1994-இல் திறந்தது. 10 மீட்டருக்கும் மேல் இறங்கியும் இன்னும் முழுசாக நின்றபாடில்லை.

கிள்ளான் பக்கத்துக் கடற்கரைக் களிமண்ணில் சாலை போடுவதென்றால், மண்ணை மேடாகக் கொட்டிவைத்துக் காத்திருப்போம். அடியில் இரும்புத் தகடு ஒன்றைப் பதித்து, அதிலிருந்து மேலே வரும் கம்பியின் உயரத்தைத் திரும்பத் திரும்ப அளப்போம். அளவுகளை வரைபடத்தில் புள்ளி வைப்போம். கோடு சரிந்துகொண்டே வந்து படுக்கும்வரை யாரும் ‘முடிந்தது’ என்று கையெழுத்துப் போட மாட்டார்கள். நம் குடும்பங்களிலோ முதல் நாளே, தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே, ‘செட்டலாச்சி’ என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறோம். யார் அந்தத் தண்ணீர், எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் அளப்பதில்லை.

இன்னொன்று. கட்டடம் மொத்தமாக, ஒரே அளவில் இறங்கினால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து, ஒரு தூண் மட்டும் கூடுதலாக இறங்குவது. 6 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களில் ஒன்று மற்றதைவிட 20 மில்லிமீட்டர் அதிகமாக இறங்கினால் சுவரில் விரிசல் வரத் தொடங்கும் என்பது எங்கள் பழைய கைக்கணக்கு. 40 மில்லிமீட்டர் என்றால் கட்டடத்தின் எலும்பே பாதிக்கப்படும். ஆக, பொறியாளன் ‘எவ்வளவு இறங்கியது?’ என்பதோடு நிற்க மாட்டான். ‘யார் அதிகமாக இறங்கியது?’ என்பதையும் கேட்பான். நம் சமூகத்தில் நடக்கும் எந்த ‘செட்டில்மென்ட்’டுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ‘விட்டுக்கொடுத்தது’ என்பார்கள். மில்லிமீட்டரில் அளந்தால் தெரியும்.

பைசா கோபுரம் 1173-இல் கட்டத் தொடங்கியது. தெற்குப் பக்க மண் கூடுதலாக இறங்கியதால் சாய்ந்தது. 1990-இல் மூடினார்கள், 2001-இல் திறந்தார்கள். இடையில் எப்படிச் சரிசெய்தார்கள் தெரியுமா? இறங்கிய பக்கத்தைத் தூக்கவில்லை. உயர்ந்து நின்ற வடக்குப் பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தார்கள். குடும்ப மத்தியஸ்தம் பேசும் பெரியவர்கள் எல்லாரையும் ஒருமுறை அந்த ஊருக்கு அனுப்பிவைக்கலாம்.

இரண்டு விரல்

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தளத்தில், கம்பி வளைக்கும் இயந்திரத்தில் ஒரு வங்காளதேசத் தொழிலாளியின் இடது கை விரல்கள் இரண்டு நசுங்கின. மறுநாள் அவர் இல்லை. துணைக் குத்தகையாளரிடம் கேட்டேன். ‘செட்டல் பண்ணியாச்சி, என்ஜினியர்.’ எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த மருத்துவமனை, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். ‘அதான் செட்டலாச்சே’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை. அந்தச் சொல்லே பதில் என்று நம்பினார்.

நான்கு நாட்களுக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயம் என்றால் வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கு முதலாளி அறிவிக்க வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டு விதிமுறை. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் பெர்க்கேசோ பாதுகாப்பு உண்டு. நான் நடந்ததை எழுதி, பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தேன். அன்று மதியமே எங்கள் சூப்பர்வைசர், நல்ல மனிதர், என் மேல் உண்மையான அக்கறை உள்ளவர், தனியாகக் கூப்பிட்டார். ‘தம்பி, அவனே வாயத் தொறக்கல. செட்டலான விஷயத்த ஏன் கெளப்புற?’

நான் அவரிடம் சொன்னது: ‘அண்ணே, அவன் வாயத் தொறக்கலன்றதுதான் செட்டலா?’

அவர் பதில் சொல்லவில்லை. வழக்கு பெர்க்கேசோவுக்குப் போனது. எனக்கு அந்தத் தளத்தில் ஒரு மாதம் தேநீர் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான் நஷ்டம். அந்தத் தொழிலாளியின் மொழி வேறு, கடவுச்சீட்டு வேறு. ஆனால் ‘செட்டல்’ என்ற சொல் அவர் மேல் செய்த வேலையும், எங்கள் பாட்டியின் தலைமுறை மேல் செய்த வேலையும் ஒன்றேதான். கேட்க வாய்ப்பில்லாதவர்களின் மேல் போர்த்தும் துணி.

வீடும் இலக்கியமும்

வீட்டுக்கு வருவோம். ‘பையன் செட்டலாயிட்டான்’ என்கிறோம். ‘பொண்ண செட்டல் பண்ணிட்டோம்’ என்கிறோம். இலக்கணத்தைக் கவனியுங்கள். பையன் எழுவாய், பெண் செயப்படுபொருள். அவன் தானாக ஆகிறான். அவளைச் செய்துவிடுகிறார்கள். ஓர் அக்கா நெற்றியில் காயத்தோடு தாய்வீட்டுக்கு வந்து நிற்கும்போது ‘பேசி செட்டல் பண்ணிக்கலாம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த நாட்டில் 1994-இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பெரியப்பா வீடு இருக்கிறது. அங்கே தேத்தண்ணி கொடுத்து செட்டல் பண்ணிவிடுகிறார்கள்.

இந்த இதழை வாசிக்கும் நண்பர்கள் ‘இதெல்லாம் சமூகம், நாம இலக்கியம்’ என்று நகர்ந்து உட்கார வேண்டாம். நம் போட்டிச் சிறுகதைகளை எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்ட குடும்பம், குடிகார அப்பா, கும்பலில் சேர்ந்த தம்பி. ஆறாம் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக் கட்டில். எட்டாம் பக்கத்தில் அப்பா அழுகிறார், தம்பி திருந்துகிறான், ஜன்னலில் விடியல். கதை செட்டல். விரட்டியவன் யார் என்பதைக் கதாசிரியரும் கேட்கவில்லை, நடுவரும் கேட்கவில்லை. முதல் பரிசு.

இலக்கியச் சண்டைகளும் அப்படியே. ஒருவர் எழுத்தை இன்னொருவர் அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார் என்று புகார் எழும். இரண்டு நாள் பரபரப்பு. மூன்றாம் நாள் மூத்தவர் ஒருவர் இரண்டு பேரையும் மாமாக் கடைக்குக் கூப்பிட்டு ‘செட்டல் பண்ணிட்டாரு’ என்ற செய்தி வரும். திருடினாரா இல்லையா? வாசகனுக்குத் தெரியாது. புத்தகம் கடையில் இருக்குமா இருக்காதா? தெரியாது. திருடியிருந்தால் பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் இல்லை. திருடியிருக்காவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரில் கறை அப்படியே கிடக்கும். சமாதானம் கிடைத்தது மூத்தவருக்கு மட்டும்தான். கறாரான ஒரு விமர்சனக் கட்டுரை வந்தாலும் இதே கதை. பதில் கட்டுரை எழுதாமல், பொதுவான நண்பர் மூலம் ‘பேசி முடிச்சிக்கலாமே’ என்று தூது வருகிறது. கருத்து மோதலை எப்படிப் பேசி முடிப்பது? எழுதித்தான் முடிக்க முடியும், அதுவும் முடிந்தால்.

எதிர்வாதம்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். ஏழைக்கு வழக்காட நேரமும் இல்லை, பணமும் இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொண்டு நாளைய சோற்றைப் பார்ப்பதுதான் அவன் புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் கிளறிக்கொண்டே இருந்தால் எந்தக் குடும்பம் நிற்கும்? சமரசம் ஒரு நாகரிகம் இல்லையா?

உண்மைதான். நான் சமரசத்துக்கு எதிரி இல்லை. அதைச் சமரசம் என்று சொல்லுங்கள் என்கிறேன். ‘ராசியானோம்’ என்றால் இரண்டு பேர் தேவை, இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும். ‘வேற வழியில்லாம குறைஞ்ச காசுக்கு ஒத்துக்கிட்டோம்’ என்றால் அதில் ஒரு தோல்வி பதிவாகிறது. தோல்வி என்று பதிவானால்தான் பேரன் ஒருநாள் அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பான். ‘செட்டலாச்சி’ என்று எழுதி மூடிய கோப்பை எந்தப் பேரனும் திறப்பதில்லை. ஏழை வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அவனை ஒப்புக்கொள்ள வைத்தவன் அதற்கு ஒரு மரியாதையான சொல்லைத் தேர்ந்தெடுத்து நம் வாயில் வைத்துவிட்டுப் போவதைத்தான் குறை சொல்கிறேன்.

மொழி தானாக மாறும், சொற்களைத் தடைசெய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். முதல் வரியில் கேட்ட அதிகாரம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. நாளைக்கும் மாமாக் கடையில் ‘பில்லு செட்டல் பண்ணு’ என்றுதான் நண்பர்கள் சொல்வார்கள். அதில் யாருக்கும் சேதாரம் இல்லை, சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் ஒரு விபத்து, ஒரு நிலம், ஒரு பெண், ஒரு புகார் பற்றிய பேச்சில் அந்தச் சொல் வந்து விழுந்தால், விடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். யார் யாரோடு? எதை? எவ்வளவுக்கு? மூன்றுக்கும் பதில் வந்தால் அதற்கான தமிழ் வினைச்சொல் தானாகவே வாயில் வந்துவிடும். பதில் வராவிட்டால் அங்கே ஏதோ இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தகடு பதித்து அளக்கத் தொடங்க வேண்டியது அங்கேதான்.